நாகர்கள் பேசமாட்டார்கள்

மந்திரம் எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி பலிக்காது. கந்தர்வன் பாடினால் பலிக்கும். பூதம் எதையாவது தின்றுகொண்டே சொன்னால் பலிக்கும் (சமோசா உத்தமம்). நாகருக்கோ வாயைத் திறக்காமல் இருந்தால்தான் பலிக்கும். ஒரு சொல் வெளியே வந்தால் மொத்த நாகர் கூட்டமும் கல்லாகிவிடும். எல்லாம் எங்கள் விளையாட்டின் சட்டம். ஒரகடத்தில் என்னோடு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் முருகேசன் எழுதியது. ஞாயிறானால் படப்பைப் பக்கம் விற்காமல் கிடக்கும் மனைகளில் வேஷம் கட்டி, ஆளுக்கொரு இனமாகிச் சண்டை போடுவோம். வாயாடியான என்னை நாகராக்கியது அவன் செய்த சதி.

ஒரு ஞாயிறு மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. படத்தில் பார்த்தபோதே மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. இந்த இடம் அமைய வேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனிடம் மனு கொடுத்திருந்தேன். ஆறு மணிக்கு மேல்தானே வருகிறார்கள் என்று விளையாடப் போனேன் (புத்திசாலி!). அவர்களோ ராகு காலத்துக்கு முன்பே பார்த்துவிடலாம் என்று மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள்.

முகமெல்லாம் பச்சைச் சாயத்தோடு மனைக்கல்லில் உட்கார்ந்து கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. முன் சீட்டு அம்மாள் கண்ணாடியை இறக்கினார்.

"போஸ்ட்மேன் தணிகாசலம் வூடு எங்கம்மா கீது?"

தணிகாசலம் என் அப்பா. பின் சீட்டில் படத்தில் பார்த்த அதே முகம்.

வாரா வாரம் தோற்ற நாங்கள் அன்றுதான் ஜெயிக்கும் நிலையில் இருந்தோம். புத்தியுள்ள எவளும் பேசியிருப்பாள். நான் "உஸ்ஸ்ஸ்" என்று சீறி, வலப்பக்கம் கை காட்டினேன்.

"ஐயோ பாவம், வாய் பேசாத பொண்ணுடா. காமாலை முத்திப்போய் பச்சையா ஆயிட்சி பாரு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் கையை நீட்டி என் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார்.

குறுக்கு வழியில் ஓடி, கொல்லைப்பக்கமாக நுழைந்து, முகத்தைத் தேய்த்துக் கழுவினேன். காதோரச் சாயம் மட்டும் போகவில்லை. "இன்னாடி கோலம் இது?" என்று பல்லைக் கடித்த அம்மா, காபித் தட்டைக் கையில் திணித்துத் தள்ளினாள்.

மாப்பிள்ளையின் அம்மா என் காதையே பார்த்தார். "நீ அந்தப் பொண்ணு இல்ல?"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கிவைத்த பேச்செல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. கந்தர்வர், பூதம், நாகர், முருகேசனின் சதி, ஒன்றையும் விடவில்லை. காபி ஆறிப்போயிற்று. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருவழியாக நிறுத்தினேன். நல்ல இடத்தை நானே கெடுத்துக்கொண்டது பிறகுதான் உறைத்தது.

அப்போது மாப்பிள்ளை கேட்டார். "மனுஷங்களுக்கு இன்னா மந்திரம்ங்க?"

"மனுஷங்களுக்கு ஒண்ணும் கெடையாதுங்க. ஓடி ஒளிஞ்சிக்கணும்."

"அது எனக்கு நல்லா வரும்ங்க."

தை மாதம் கல்யாணம். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் யாரிடமோ மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது, மாமியார் என்னைக் காட்டிப் பக்கத்திலிருப்பவரிடம் அலுத்துக்கொள்வார்:

"வாய் பேசாத பொண்ணுன்னு நம்பி கூட்டினு வந்தோம். ஏமாத்திட்டாங்கம்மா!"