வாசல் பள்ளம் மேடான விவரம்

சங்கரன்கோவில்,
ஞாயிறு காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை லிங்கேஷ் அவர்களுக்கு மாமனார் கோமதிநாயகம் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு உங்கள் நலமும், எட்டு மாதக் கர்ப்பிணியான விஜிதாவின் நலமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம், போனில் எனக்கு வரிசை தப்பிவிடுகிறது. ஆகவே சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

1. பள்ளத்தை அடைத்துவிட்டேன்.
2. அடைத்த முறையில் தவறில்லை (என்று நினைக்கிறேன்).
3. அதன்மேல் மஞ்சள் பூசியது யாரென்று எனக்குத் தெரியாது.
4. கார் உள்ளே வர முடியாது.

சென்ற முறை நம் கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உங்கள் கார் இறங்கி, அடிப்பாகம் உரசி, விஜிதா குலுங்கி, "இத அடைச்சாத்தான் மாமா பிரசவத்துக்கு அவளக் கூட்டிட்டு வருவேன்" என்று நீங்கள் சொன்னது நியாயமே. கேட்டிலேயே இறங்கி நடந்து வந்தால் என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மறுநாளே பள்ளத்தை அளந்து, ஜல்லி போட்டு இடித்து, செம்மண்ணும் சிமெண்டும் குழைத்துப் பூசினேன். நாளாவட்டத்தில் அமுங்கும் என்று கணக்கிட்டு நாலு விரல் உயரம் கூட்டியே வைத்தேன். நாற்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் அல்லவா. ஆனால் பூசி ஒரு மணி நேரத்தில் மாடியில் குடியிருக்கும் இசக்கித்துரை அதன்மேலேயே பைக்கை ஏற்றினார். "ஈரமாக இருக்கிறதே" என்றேன், மெதுவாக. "வண்டி ஏறுனாத்தான் சார் நல்லா இறுகும். நீங்க சும்மா இரிங்க" என்றார். சும்மா இருந்தேன். மறுபடி பூசினேன். மறுபடி ஏற்றினார். மூன்றாம் முறை பூசிய மறுநாள் விடிந்து பார்த்தால் மேட்டில் மஞ்சள், குங்குமம், இரண்டு அரளிப்பூ.

கோலம் போட வந்த உங்கள் அத்தை வாளியைக் கீழே போட்டுவிட்டாள். "ஏங்க, நம்ம வாசல்ல புத்து வந்திருக்கு! பிள்ளத்தாச்சி வார நேரத்துல ஆத்தாளே வந்திருக்கா, நீங்க என்னன்னா கரண்டியும் கையுமா நிக்கீங்க!"

"இது சிமெண்டு, சண்முகசுந்தரி."

"வாயில அடிச்சுக்கிடுங்க!"

அடித்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் தெருப் பெண்கள் பாலும் முட்டையுமாக வந்துவிட்டார்கள். கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை ஆளுக்கொரு பிடி கொண்டுவந்து மேலே போடுகிறார்கள். நாலு விரல் இப்போது முழங்காலைத் தொடுகிறது, அமுங்குவதாக இல்லை. இசக்கித்துரை கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறார். "தெரியாம ஏத்திட்டேன் சார், ஆத்தா ஒண்ணும் செய்ய மாட்டால்லா?" என்று என்னிடம் கேட்கிறார். ஒன்றும் செய்ய மாட்டாள் என்று உடனே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

ஆகவே தயவுசெய்து காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, விஜிதாவை மெதுவாக நடத்திக் கூட்டி வரவும். வர மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அத்தை விஜிதாவின் அறைக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டாள். உங்கள் இருவருக்கும், குலுங்காமல் வந்து சேரவேண்டிய மூன்றாமவருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
கோமதிநாயகம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒருமுறை சரிபார்த்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. மஞ்சள் பூசியது நான்தான். சுவரோரம் ஒதுங்குகிறவர்களைத் தடுக்கச் சாமி படம் ஒட்டுவார்களே, அந்த யோசனை. சிமெண்ட் காய்ந்ததும் துடைத்துவிட நினைத்தேன். அதற்குள் உங்கள் அத்தை எழுந்துவிட்டாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதே கடிதம் எழுதக் காரணம். சுகப்பிரசவம் வேண்டி அவள் தினமும் அதைப் பதினொரு சுற்று சுற்றுகிறாள். படித்ததும் கிழித்துவிடவும். நேற்று கால்வலி என்று எட்டாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். மீதி மூன்றையும் நான் சுற்றினேன்.