இல்லாத இன்டர்வியூவுக்கு ஒரு ரிப்பீட்டர்

ஒரே இன்டர்வியூவுக்கு நாற்பது வருஷம் தயாரான மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு இன்டர்வியூவே இப்போது கிடையாது என்று எல்லோரும் தலையில் அடித்துச் சொன்ன பிறகும் அவர் அதற்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் படிக்க நீட் எழுத வேண்டும், மார்க் வர வேண்டும், ரேங்க் வர வேண்டும், கவுன்சிலிங்கில் காலேஜ் எடுக்க வேண்டும். இந்த வரிசையில் எங்கேயும் உங்களை எதிரே உட்கார வைத்து யாரும் கேள்வி கேட்பதில்லை. இதை அவரிடம் சொன்னால், "கேட்டுட்டா?" என்பார்.

மதுரை திருநகரில் நீட் பயிற்சிக்கு வரும் பையன்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தபோது அவரைப் பார்த்தேன். அதற்கு முன்னால் திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டில் பரோட்டாக் கடை, பிறகு ஒரு போர்வெல் லாரியோடு ஆந்திரா முழுக்க. பட்டறையில் பாதத்துத் தோல் உரிந்தது, போர்வெல் சத்தத்தில் இடது காது பாதி போனது. பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்போடு பிரிந்துவிட்டோம். ஹாஸ்டலில் மூன்று வேளைச் சாப்பாடும் தலைக்கு மேல் ஃபேனும் உண்டு என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் காலையில் உப்புமாக் கரண்டியோடு நிற்கிறேன். எதிரே ஒருவர் வந்தார். நரைத்த மீசை, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, கையில் உயிரியல் கைடு. பையன் எவனுக்காவது அப்பாவாக இருக்கும் என்று நினைத்து வணக்கம் சொன்னேன். அவர் பதிலுக்கு வணக்கம் சொல்லவில்லை. என் இடது மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். வரிசையில் இருந்த பையன்கள் யாருக்கும் இது ஆச்சரியமாக இல்லை.

"டவுன் பஸ்ஸு," என்றார். "சீரா ஓடுது. ஆனா டீசல் கம்மி. சமைக்கிறவன் மொதல்ல சாப்பிடணும் தம்பி."

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலூரிலிருந்து திருவாதவூர் போகிற பஸ்ஸிலும், பெரியாரிலிருந்து பரவை போகிற பஸ்ஸிலும் அவரிடம் டிக்கெட் வாங்கியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருக்கலாம். டிக்கெட்டை மேலேயிருந்து நீட்ட மாட்டார், உள்ளங்கையில் வைத்து ஓர் அழுத்து அழுத்திக் கொடுப்பார் என்று ஒரு பையனின் அப்பா சொன்னார். அந்தப் பழக்கம்தான் ஓய்வுக்குப் பிறகு நாடி பிடிப்பதாக மாறியிருக்க வேண்டும். ஹாஸ்டலில் அவரிடமிருந்து தப்பிய மணிக்கட்டு கிடையாது. பால்காரருக்கு எக்ஸ்பிரஸ். கரண்டு பில் எடுக்க வந்தவருக்கு பாயிண்ட் டு பாயிண்ட். மாதத் தேர்வன்று காலையில் பையன்கள் எல்லோருக்கும் பிரேக் பிடிக்காத வண்டி.

அவர் சேர வந்த கதையை ஓனரம்மாவே சிரித்துச் சிரித்துச் சொல்வார். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பையன் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நாந்தான் பையன்," என்றாராம். நீட் எழுத வயது வரம்பு இல்லை என்று பேப்பரில் படித்த அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர். அந்தம்மா பயந்துபோய் அவர் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். மனைவி எடுத்து, அந்த மனுசன் அங்கேயே படிக்கட்டும், வீட்டில் இருந்தால் என் கையை விடுவதே இல்லை, சோறு பொங்க முடியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

பரீட்சையில் தவறிவிட்டு மறுபடி எழுதுகிறவர்களுக்குப் பயிற்சி நிலையங்களில் ரிப்பீட்டர் என்று பெயர். மற்றவர்கள் ஒரு வருஷ ரிப்பீட்டர், இரண்டு வருஷ ரிப்பீட்டர். இவர் பிளஸ் டூ முடித்து நாற்பது வருஷம் கழித்து வந்தவர், அதனால் அந்தப் பட்டத்தை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ரிப்பீட்டர் அண்ணன். பையன்கள் ஆரம்பத்தில் தாத்தா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரே பேட்ச்சில் தாத்தா என்ன, பேரன் என்ன, மாப்ள என்று கூப்பிடு என்று உத்தரவு போட்டுவிட்டார். பதினெட்டு வயசுப் பையன், "மாப்ள, பக்கெட்ட எடுத்துக்கிட்டீயளா?" என்று குளியலறைக் கதவைத் தட்டுவதும், உள்ளேயிருந்து அறுபது வயசுக் குரல், "வாரேன் மாப்ள," என்பதும் அங்கே சாதாரணம்.

அவருக்குப் பாடம் எல்லாமே பஸ் ரூட்தான். இதயத்தை மெஸ் மேஜையில் சாம்பாரைத் தொட்டு வரைவார். வலது ஆரிக்கிள் பெரியார் நிலையம். உடம்பு முழுக்கச் சுற்றிய ரத்தம் காலி வண்டியாக அங்கே வந்து சேருகிறது. வால்வு ஒருவழிப் பாதை, திரும்பி வந்தால் போலீஸ் பிடிக்கும். வலது வென்ட்ரிக்கிள் ஆரப்பாளையம். அங்கிருந்து நேராக நுரையீரல், அதாவது பரவை மார்க்கெட். ஆக்சிஜன் மூட்டையை ஏற்றிக்கொண்டு இடது பக்கம் இரண்டு நிறுத்தம், பிறகு ஊர் முழுக்க டெலிவரி. "நுரையீரல்ல எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க," என்று அவர் குரல் கொடுத்தால் மாடி வரை கேட்கும். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கே ரத்த ஓட்டம் இன்றைக்கும் மனப்பாடம். அவருக்குச் சிக்கல் இயற்பியல். அது எந்த ஊருக்கும் போகாத ரூட் என்று வருத்தப்படுவார்.

இன்டர்வியூ கிறுக்கு எப்படி வந்தது என்று ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். அந்தக் காலத்தில் மருத்துவக் கல்லூரியில் சேர இன்டர்வியூ இருந்தது, அதற்குத் தனி மார்க்கும் உண்டு. திருவாதவூர்ப் பக்கத்தில் அவர் தெருவில் பிளஸ் டூ முடித்த முதல் ஆளே அவர்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. மார்க் நன்றாக வந்து இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். இரவல் சட்டையோடு போனார். உள்ளே மூன்று பேர். பாடத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டார். கடைசியில் ஒருவர், தம்பி நீ ஏன் டாக்டராகணும் என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் என்ன, கண்டக்டராயிட்டேன்."

பதில் தெரியாமல் இல்லை, தெரிந்தும் வாய் வரவில்லை என்றார். யாராவது ஒருத்தர் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்க வேண்டும், அதற்குச் சொல்லிவிட வேண்டும், சீட்டு கிடைப்பது அப்புறம். அம்புட்டுத்தேன் அவர் ஆசை. அந்தப் பதில் என்ன என்று கேட்டேன். இன்டர்வியூவில் சொல்ல வேண்டியதை வெங்காயத்துக்கு முன்னால் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

அதிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு, காலைப் பந்தி முடிந்து மதிய உலை கொதிக்கும் நேரத்தில், மெஸ்ஸில் மாதிரி இன்டர்வியூ. தேர்வுக் குழு நானும், காய் நறுக்கும் செல்லம்மாக்காவும். கேள்விகளை அவரே தட்டச்சு செய்து கொண்டு வந்து கொடுத்தார். பத்துக் கேள்வி அச்சில், பதினொன்றாவது மட்டும் பேனாவில். சட்டையை உள்ளே விட்டு, வாசலில் நின்று, "மே ஐ கம் இன்?" என்பார். செல்லம்மாக்கா அரிவாள்மனையிலிருந்து எழாமலே, வாங்க என்பார். வலது காலை எடுத்து வைத்து, நாற்காலியைச் சத்தம் வராமல் இழுத்து, உட்காரச் சொல்லும் வரை நிற்பார். வாசலில் தொடங்கிய பிறகு இடையில் யாராவது உப்பு கேட்டு வந்துவிட்டால் போச்சு. திரும்ப வெளியே போய் முதலிலிருந்து வருவார்.

செல்லம்மாக்காவுக்கு எழுதிக் கொடுத்த கேள்விகளில் நம்பிக்கை இல்லை. அவர் சொந்தமாகக் கேட்பார். "எனக்கு முட்டி வலிக்கிதே, என்ன மாத்திர போடலாம்?"

"இன்னும் சீட்டு கெடைக்கலைக்கா."

"கெடைச்ச பெறகு சொல்ல எதுக்கு நீயி? பெரியாஸ்பத்திரிக்கே போயிருவேன்ல."

நான் எழுத்துக் கூட்டிப் பதினொன்றாவது கேள்விக்கு வருவேன். நீங்கள் ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்? அவர் ஃபேனைப் பார்ப்பார். தொண்டையைச் செருமுவார். உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்கும். "அடுத்த கேள்வி," என்பார். அடுத்தது இல்லைண்ணே, இதுதான் கடைசி என்பேன். அப்படியென்றால் போய் சோற்றைப் பார் என்பார். இப்படியே இரண்டு வருஷம். எத்தனை நாள் சோறு குழைந்தது என்று பையன்கள்தான் சொல்ல வேண்டும்.

நீட்டை மூன்று முறை எழுதினார். ஒவ்வொரு முறையும் வாசலில், பெற்றோர் எல்லாம் கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள் என்று இவரைத் திருப்பிவிடுவார்கள், இவர் ஹால் டிக்கெட்டைக் காட்டுவார். மூன்றாவது முறை சோதிக்கிற கருவி அவர் வலது தொடையருகே விடாமல் கத்தியது. கையை விரித்து நின்று, உள்ளே கம்பி வைத்திருக்கிறது, சமயநல்லூரில் பஸ் கவிழ்ந்தபோது போட்டது என்று விளக்கினார். சோதித்தவர் எக்ஸ்ரே இருக்கிறதா என்றார். ரிப்பீட்டர் அண்ணன் பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து வெயிலில் பிடித்து, தொடை எலும்பின் பாகங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிட்டாராம். போதும் போங்க என்று உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அந்த முறை தகுதி மார்க்கை ஒட்டித் தாண்டிவிட்டார். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான இட ஒதுக்கீட்டில் சென்னைக்குக் கவுன்சிலிங் வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. மாணவரோடு ஒரு கார்டியன் வரலாம் என்று போட்டிருந்தது. அறுபது வயசு மாணவருக்குக் கார்டியனாக நான் போனேன்.

கூடத்தில் எங்கே பார்த்தாலும் பிள்ளைகளும், ஃபைலைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்ட அப்பா அம்மாக்களும். எங்கள் முறை வந்து சான்றிதழ் சரிபார்க்கும் அறைக்குள் போனோம். நல்ல கூட்டம், தள்ளுமுள்ளு. மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. காலையிலிருந்து டீ கூடக் குடிக்காத முகம். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மாணவர் எங்கே என்றார். விஷயம் புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள்களைப் புரட்டிக்கொண்டே, தலையைக் கூட நிமிர்த்தாமல் கேட்டார்.

"ஏன் சார், இந்த வயசுல எதுக்கு டாக்டராகணும்?"

நாற்பது வருஷமாக எதிர்பார்த்த கேள்வி, ஸ்டேப்ளர் சத்தத்துக்கு நடுவே வந்து விழுந்துவிட்டது. ரிப்பீட்டர் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஃபேனைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கே ஏ.சி. அதிகாரி முத்திரை குத்திவிட்டு அடுத்த ஃபைலுக்குக் கையை நீட்டிவிட்டார்.

"சார், ஒரு நிமிசம்," என்று ரிப்பீட்டர் அண்ணன் எழுந்தார். "வெளிய போயிட்டு வாரேன்."

விறுவிறுவென்று அறைக்கு வெளியே போனார். அதிகாரி என்னைப் பார்த்தார். கார்டியன் என்ற முறையில் நான்தானே பதில் சொல்ல வேண்டும். முதலிலிருந்து வருவாருங்க சார், இல்லையென்றால் அவருக்கு வராது என்றேன். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றார். பின்னாலிருந்த ஒரு அம்மா முணுமுணுத்தது கேட்டது.

"மே ஐ கம் இன்?"

அதிகாரி என்ன நினைத்தாரோ, பேனாவைக் கீழே வைத்தார். "வாங்க," என்றார். வலது கால். நாற்காலி சத்தமில்லாமல் நகர்ந்தது. "உக்காருங்க. சொல்லுங்க, ஏன் டாக்டராகணும்?"

"நான் எட்டாப்பு படிக்கையில எங்கப்பா களத்துல மயங்கி விழுந்துட்டாரு சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க டாக்டரு அவரு கையப் புடிச்சு நாடி பாத்தாரு. எங்க தெரு ஆளுக கைய வெளியாளு ஒருத்தரு தொட்டு நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. கூலி நெல்லக் கூட மேல இருந்துதான் துண்டுல கொட்டுவாக. எங்கப்பா கூசிப்போயி கைய இழுத்தாரு. டாக்டரு விடலை. சும்மா இருய்யா, எண்ணிக்கிட்டிருக்கேன்லன்னாரு. அந்த வேலைக்குத்தான் சார் போகணும்னு நெனச்சேன். அன்னைக்கு அவங்க கேட்டப்ப, இதச் சொல்ல வெக்கமாப் போச்சு."

முணுமுணுத்த அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தார். அதிகாரி சான்றிதழ்களை அடுக்கி, மேஜையில் தள்ளாமல் கையில் கொடுத்தார். அந்தக் கை இவருக்கு அவ்வளவு பக்கத்தில் வந்திருக்கக் கூடாது. பழக்கதோஷம், பிடித்துவிட்டார். கண்ணை மூடி ஒரு நிமிஷம்.

"பாயிண்ட் டு பாயிண்ட் சார். எங்கயும் நிக்காம ஓடுறீக. மத்தியானம் ஒரு அரைமணி நேரம் நிப்பாட்டிச் சாப்பிடுங்க."

சாயங்காலம் அவர் ரேங்க் வருவதற்கு முன்னாலேயே இடங்கள் தீர்ந்துவிட்டன. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அவரோ மதுரை வரும் வரை பஸ்ஸில் பக்கத்து சீட்டு, முன் சீட்டு, டிரைவர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். "இன்டர்வியூ கெடையாதுன்னாய்ங்க. வச்சாய்ங்கள்ல?"

மறுநாளே ஹாஸ்டலைக் காலி செய்தார். இன்டர்வியூதான் முடிந்துவிட்டதே என்றார். கைடுகளைப் பையன்களுக்கும், எக்ஸ்ரேயைச் செல்லம்மாக்காவுக்கும் கொடுத்தார். அது எதற்கு என்று அந்தம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, முட்டி வலிக்கும்போது எடுத்துப் பார்க்கிறாராம். என்னிடம் வந்து வழக்கம்போல் மணிக்கட்டைப் பிடித்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார். என்ன வண்டி என்று அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் இரண்டு ஊர் மாறிவிட்டேன். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை, இங்கே வணக்கம் சொன்னால் வணக்கம்தான் திரும்பி வருகிறது. ஆனாலும் காலையில் யாராவது எதிரே வந்து நின்றால், என் இடது கை தானாகக் கொஞ்சம் முன்னால் போய் நிற்கிறது.