இன்னும் ஒரே ஒரு சேர்க்கை

"ஒரு ஆள் குறையுது சார். சாயங்காலத்துக்குள்ள சேரலைன்னா உங்க துறைக்குப் பூட்டுதான்!" என்று சொல்லிவிட்டு கல்லூரி முதல்வர் போனை வைத்தார்.

வேதியியல் துறைத் தலைவர் சேர்க்கைப் பட்டியலை மறுபடியும் எண்ணிப் பார்த்தார். எதிரே புதுக் கல்லூரி வந்ததிலிருந்து இதே பாடுதான். அங்கே வகுப்பெல்லாம் ஏ.சி.; சேர்ந்தால் லேப்டாப். இங்கே மின்விசிறி சுற்றினாலே பெரிய விஷயம்.

நிமிர்ந்தால், வாசலில் ஓர் அப்பாவும் மகளும்!

"சார், நாங்க வந்தது..."

"தெரியும், தெரியும்! ஒண்ணும் பேசாதீங்க. முதல்ல சுத்திப் பாருங்க!"

அப்பாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனார். வகுப்பறையில் ஈ, காக்கை இல்லை.

லேப் உதவியாளர் காதைக் கடித்தார். "எதிர் காலேஜ்ல நீச்சல் குளம் திறக்குறாங்க. சாப்பாடு ஃப்ரீ. நம்ம பசங்க பூரா அங்கதான்."

"யாரையாவது பிடிச்சிட்டு வாய்யா, மானம் போகுது!"

மைதானத்தில் கிடைத்தவர்களை எல்லாம் ஓட்டிவந்து உட்கார வைத்தார் உதவியாளர். அத்தனை பேரும் வணிகவியல் மாணவர்கள்.

அப்பா முன்பெஞ்சுக்காரனிடம் கேட்டார். "என்ன பாடம் தம்பி நடக்குது?"

"கம்பெனி சட்டம்ங்க."

தலைவருக்குக் குப்பென்று வியர்த்தது. "ஆ... ஆமா! இங்க வேதியியல் சேர்ந்தா சட்டமும் உண்டு. ரெட்டைப் பட்டம்!"

"அப்ப எங்களுக்கும் ரெட்டைப் பட்டமா சார்?" பின்பெஞ்சு துள்ளி எழுந்தது.

"உண்டு, உண்டு. உட்காருப்பா!"

"லேப்டாப்?"

அப்பா இவரையே பார்த்தார். "அ... அதுவும் உண்டு!"

"ஏ.சி.?"

"போட்டுடலாம்!"

வகுப்பு மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்புகளும் வாசலில் குவிந்தன. "எங்களுக்கு நீச்சல் குளம் சார்!"

முதல்வர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாருய்யா இங்க நீச்சல் குளம் தர்றது?"

"கத்தாதீங்க சார்," தலைவர் பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார். "அட்மிஷன்!"

முதல்வரின் குரல் சட்டென்று தேனானது. "குளம்தானே? வெட்டிட்டாப் போச்சு!"

வராந்தாவில் விசில் பறந்தது. இனி தாமதித்தால் விமான நிலையம் கேட்பார்கள். தலைவர் அவசரமாகச் சேர்க்கை விண்ணப்பத்தையும் பேனாவையும் அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"போடும்மா கையெழுத்து. உன்னை மாதிரி ஒரு பிள்ளைக்காகத்தான் இந்தத் துறையே காத்துக்கிட்டிருக்கு!"

அவள் பேனாவை வாங்கவில்லை. அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"சார், நான் உங்க ரெண்டாம் வருஷ ஸ்டூடண்ட்தான். நீங்க போர்டைப் பாத்தே பாடம் நடத்துவீங்களா, அதான் என் முகம் தெரியல... அப்பா டி.சி. வாங்க வந்திருக்காரு."