மாட்டுவண்டிப் பந்தயத்தில் என் கணினிக் குலுக்கல்

இல்லாத அறிவை மாமனார் ஊரில் கடைவிரிக்காத புது மாப்பிள்ளை இருக்க மாட்டான். நான் கடைவிரித்தது மைக் வைத்து.

மணமேல்குடிப் பக்கத்தில் என் மாமனார் பந்தயக் கமிட்டித் தலைவர். பெரிய மாடு பிரிவில் வண்டிகள் அதிகம் சேர்ந்தால் இரண்டு செட்டாக விட்டு, செட்டுக்குத் தனித்தனிப் பரிசு தருவார்கள். எந்த வண்டி எந்த செட் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். அவரும் பந்தயத்துக்கு ஒரு ஜோடி மாடு வைத்திருந்ததால், சீட்டு மடிக்கும்போதே தலைவர் வேலையைக் காட்டுகிறார் என்று வருடா வருடம் முணுமுணுப்பு. (அந்த ஜோடிக்கு ஊட்டிய பருத்திக்கொட்டையை எனக்கு ஊட்டியிருந்தால் நானே வண்டி இழுத்திருப்பேன்.)

"நான் புரோகிராம் எழுதித் தாரேன் மாமா. கூட்டத்துல ஒருத்தர் ஒரு எண் சொன்னாப் போதும். அந்த எண்ணை எந்த லேப்டாப்புல போட்டாலும் ஒரே வரிசைதான் வரும், யாரு வேணும்னாலும் சரிபாத்துக்கலாம்" என்றேன். பந்தயத்தன்று மைக்கிலும் இதையே முழங்கினேன். கைதட்டினார்கள்.

மீராசா பாய் எண் சொன்னார். அவர் ஜோடியை அந்த வட்டாரத்தில் எவரும் முந்தியதில்லை. குலுக்கியதில் பாய் முதல் செட், மாமனார் இரண்டாவது செட். மாமனார் மீசைக்குள் சிரித்தார்.

பாய் நிதானமாக, "தம்பி, எந்த லேப்டாப்புலயும் வரும்னீங்கள்ல? எம் மகளோடதுலயும் ஒருக்கா போட்டுக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். அதில் இருவரும் ஒரே செட்.

நடந்தது இதுதான். குலுக்கும் வேலைக்கு, பிறர் எழுதிவைத்த ஒரு லைப்ரரியை என் புரோகிராம் இரவல் வாங்கியிருந்தது. அதன் பெயரைக் குறித்த நான், எந்தப் பதிப்பு என்று குறிக்கவில்லை. (மளிகைச் சீட்டில் 'அரிசி' என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் எதைக் கட்டுவார்?) என்னிடம் இருந்தது இரண்டு வருடப் பழசு. பாய் மகளின் லேப்டாப்பில் இறங்கியது புதுசு. இடையில் அதை எழுதியவர்கள் குலுக்கும் முறையையே மாற்றியிருந்தார்கள்.

"அப்ப எந்த மிஷின் பொய் சொல்லுது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ரெண்டும் உண்மைதாங்க" என்றேன், மைக்கில். பிடிபட்ட திருடன்கூட இப்படி உளறமாட்டான். சரிசெய்கிறேன் பேர்வழி என்று என் லேப்டாப்பிலும் புதுப் பதிப்பை ஏற்றினேன். புரோகிராம் மொத்தமாகப் படுத்துவிட்டது.

மாமனார் மைக்கை வாங்கினார். "எம் மாடு இந்த வருஷம் ஓடாது. மத்தவங்களுக்குச் சீட்டு எழுதுங்க."

"ஒங்கமேல சந்தேகம் இல்லண்ணே, மாட்டப் பூட்டுங்க" என்று பாயே கெஞ்சினார். மாமனார் கேட்கவில்லை. ஒரு வருடம் பழக்கிய மாடுகளைத் தன் கையால் அவிழ்த்துப் புளியமரத்தடியில் கட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று பதிப்பு எண் இல்லாமல் எந்த லைப்ரரியும் என் புரோகிராமுக்குள் நுழைய முடியாது. ஆனால் தண்டனை குறையவில்லை. அடுத்த வருடப் பந்தய நோட்டீஸில், குடித்துவிட்டு ஓட்டக் கூடாது, மாட்டின் வாலைக் கடிக்கக் கூடாது என்ற நிபந்தனைகளுக்குக் கீழே மாமனாரே சொல்லி ஒன்றைச் சேர்த்தார்: 'தலைவரின் மாப்பிள்ளை லேப்டாப்புடன் வரக் கூடாது.' என் மனைவி அதை லேமினேட் செய்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். எந்த வருடம், எந்த அச்சகத்தில் அடித்தாலும் அந்த வரி மட்டும் ஓர் எழுத்துகூட மாறாமல் வருகிறது.