தலைவரின் கல்லீரல்

பஸ் ஹார்ன் அடித்தபோது ஆரோக்கியதாஸின் உடம்பில் ஏழு ஊசிகள் இருந்தன.

ஜமுனாமரத்தூரிலிருந்து அமிர்தி வழியாக இறங்கும் கடைசி பஸ் அது. விட்டால் மறுநாள் காலைதான். ஞானமேரியிடம் சாமை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மலையேறியவர் ராத்தங்கிவிட்டுப் போனால், எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

"அரைமணி நேரம் அசையக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, போன் பேச வெளியே போன அக்குபஞ்சர் தேவயானியைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. பாதத்தில் இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு, கையில் இரண்டு என்று கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கித் தட்டில் போட்டுவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்.

இவ்வளவு அவஸ்தையும் ஒரு ஸ்கேனால் வந்தது. கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் கட்டம் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். இனிப்பைக் குறைக்கணும், பரோட்டாவை விடணும், தினம் நடக்கணும். கூடவே அக்குபஞ்சரும் செய்துகொள்ளலாம், ஆனால் அதை நம்பி மற்றதை விடக் கூடாது என்றார். ஆரோக்கியதாஸுக்குப் பரோட்டாவை விடுவதைவிட ஊசி சுலபமாகத் தோன்றியது.

வேலூரிலேயே ஊசி குத்த ஆள் இருக்கிறார்கள். ஆனால் அவர் ஊர் மதுவிலக்குச் சங்கத் தலைவர். குடிகாரன் சாக்கடையில் விழுவதை அவர் மேடையில் சொந்த அனுபவம்போல விவரித்தால், கேட்கிறவர்களுக்கே முட்டி வலிக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தலைவர் தேர்தல். கல்லீரல் கெட்டுவிட்டது என்றால் அதற்கு ஊரில் ஒரே ஒரு காரணம்தான் தெரியும். அந்தப் பதவி போனால் அவரை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் தெரிந்த முகமே இல்லாத மலைக்கு வந்தார்.

பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். மலையிலும் நம்மைத் தெரிந்திருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே உட்கார்ந்தார்.

"தலைவரே, இன்னா இது, நடுமண்டையில ஊசி நட்டுக்கினு வர்றீங்க?"

பின்சீட்டுக் குரலைக் கேட்டுத் திரும்பினார். சங்கத்தின் செயலாளர் டெல்சி. பக்கத்தில் அவள் கணவன் லியோ. ஒரு காலத்தில் மதுக்கடை வாசலிலேயே குடியிருந்தவன். போன வருஷம்தான் சங்கத்தில் சேர்ந்து குடியை விட்டிருந்தான். பலாப்பழம் வாங்க வந்தார்களாம்.

ஆரோக்கியதாஸ் வழுக்கையைத் தடவினார். ஏழாவது ஊசி அங்கே நிமிர்ந்து நின்றது. பிடுங்கிச் சட்டைப் பையில் செருகினார்.

"தலவலிம்மா. அதுக்குத்தான் குத்திக்கினேன்."

"தலவலிக்கு மலை ஏறி வந்தீங்களா?"

"இங்க காத்து நல்லா இருக்குது."

அப்போது பார்த்துத் தேவயானி மூச்சிரைக்க ஓடி வந்து பஸ் படியில் ஏறினாள். ஒரு கையில் செருப்பு, மறு கையில் ஸ்கேன் கவர்.

"இன்னா சார் நீங்க, பாதியில எழுந்து ஓடிட்டீங்க? தட்டுல ஆறு ஊசிதான் கீது. இந்தாங்க, லிவர் ரிப்போர்ட்டையும் வுட்டுட்டீங்க."

டெல்சி நெற்றியிலிருந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

"லிவரா?"

"என் மச்சானுக்கும் இதே கேசுதான் சார்" என்றார் கண்டக்டர் தனசேகரன், ஆறுதலாக. "டெய்லி ரெண்டு குவார்ட்டர். சொன்னா கேக்க மாட்டான்."

ஆரோக்கியதாஸ் பதறிப்போய் வாயில் வந்ததைச் சொன்னார்.

"அது என்னுது இல்ல. ஞானமேரியோட ரிப்போர்ட்டு."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஞானமேரி அக்கா குடிக்குதா?" டெல்சியின் கண்கள் நிலைகுத்தி நின்றன. "கோயில்ல முதல் வரிசையில உக்கார்ற அக்காவா? இரு, போன் போட்டுக் கேக்கறேன்."

"போன வையி தாயி, வையி." அவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளைக் குடிகாரியாக்கிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. "என்னுதுதான். கல்லீரல்ல கொழுப்பு. ஆனா மாதா மேல சத்தியமா சொல்றேன், நான் குடிக்கல."

"எல்லாரும் அப்பிடித்தான் சார் சொல்வாங்க" என்றார் கண்டக்டர்.

டெல்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தேர்தல் அந்த முகத்திலேயே முடிந்துபோனது.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்று தேவயானியிடம் கெஞ்சினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தேவயானிக்கு இரக்கமாகிவிட்டது. "குடிக்காதவங்களுக்கும் இது வரும்ங்க. உடம்பு எடை, சக்கரை, உக்காந்தே கீறது, இதெல்லாம் காரணம். இவரு ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிறாரு, டீக்கு மூணு ஸ்பூன் சக்கரை. வேலூர் டாக்டரே எழுதிக் கீறாரு, படிச்சுப் பாருங்க. மதுப்பழக்கம் கிடையாது, எப்பவும் இருந்ததும் இல்ல."

டெல்சி கவரை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். கண்டக்டர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். முன்சீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்பினார்.

"மெய்தான்" என்றாள் டெல்சி. "அய்யாவ அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன்."

ஆரோக்கியதாஸ் நிமிர்ந்து நின்றார். போன உயிர் திரும்பி வந்தது. மேடையில் பேசுகிற குரலும் கூடவே வந்தது.

"அம்பத்தெட்டு வயசு ஆவுது. இந்த நாக்குல ஒரு சொட்டு பட்டது இல்ல. அது இன்னா வாசனைன்னுகூட எனக்குத் தெரியாது."

தேவயானி இறங்கிக்கொள்ள, பஸ் கிளம்பியது. லியோ மெதுவாக முன்னால் நகர்ந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"குடிச்சுக் கெட்டுத் திருந்துனவருன்னு நம்பித்தானேய்யா ஊரே உங்களத் தலைவரா வச்சுது, அவராலயே முடிஞ்சுதேன்னுதானே நானும் வுட்டேன்?"