பேஸ் பத்தவில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கே நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம், ம்" என்றபடியே வேறு வேலை பார்ப்பாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் எங்கள் பாட்டுப்பெட்டி பற்றியது. நான் ஓய்வு பெற்ற கையோடு வாங்கினேனே, இரண்டு ஸ்பீக்கர் வைத்த ஸ்டீரியோ, கடையிலேயே மலிவானது, அதேதான். கட்டட வேலை சூப்பர்வைசராக ஊர் ஊராக அலைந்தவன், இனிமேலாவது சாயங்காலத்தில் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டது தப்பா? உன் அக்கா ஒரே ஒரு பாட்டுக் கேட்டாள். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். எழுந்து போய் சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு, செல்போனை இடுப்பில் செருகி, ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஹாலில் நானும் டப்பாவும் மட்டும்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை, மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

அதனால்தான் உன்னைக் கேட்டேன். மேடை மேடையாக மைக் செட் கட்டுகிறவன், உனக்குத் தெரியாததா? நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "புதுசு எதுக்கு அத்தான்? பேஸ் பத்தல, அவ்வளவுதான். பேஸை நல்லா ஏத்துங்க, ட்ரபிளைக் குறைங்க, ஸ்பீக்கரைச் சுவத்தை விட்டுத் தள்ளி வையுங்க. அக்கா தானா வந்து உக்காருவா."

வயிற்றில் பால் வார்த்தாய். காலமெல்லாம் கட்டடத்துக்கு அடியில் பேஸ்மட்டம் போட்டுப் பிழைத்தவன், என் வீட்டு ஸ்பீக்கர் ஆடுகிற பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நிற்பதைக் கவனிக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். உன் அக்கா தோழி வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, என்னோடு வேலை பார்த்த கொத்தனாரை வரவழைத்தேன். செங்கல், மணல், சிமெண்ட் எல்லாம் ஹாலுக்குள் வந்து இறங்கின. சுவரை விட்டுத் தள்ளி என்று நீ சொன்னாயே, அதற்காக ஹாலின் நடுவிலேயே நூல் பிடித்து, மட்டம் பார்த்து, இடுப்பு உயரத்துக்கு இரண்டு தூண் எழுப்பினோம். எவ்வளவு லோடு வரும் என்று கொத்தனார் கேட்டார். ஸ்பீக்கரை எடுத்துக் காட்டினேன். அவர் அதை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கம்பி தேவைப்படாது என்றார்.

உன் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரோட சமாதி இது? ரெண்டு இருக்கே, ஒண்ணு எனக்கா?"

சிமெண்ட் இறுகுகிற வரைக்கும் ஈரச் சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதுவரை ஸ்பீக்கர் இரண்டும் எங்கள் கட்டிலில், எங்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டன. அவள் இரண்டுக்கும் போர்வை போர்த்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்தது ட்ரபிள். அதை எங்கே தேடிக் குறைப்பது என்று பிடிபடாமல், இந்த வீட்டில் என்ன ட்ரபிள் என்று உன் அக்காவையே கேட்டேன். "நீங்கதான்" என்றாள், யோசிக்கக்கூட இல்லை. தொழில் தெரிந்த நீயே சொல்லிவிட்டாய், செய்யாமல் இருக்க முடியுமா? அவளுடைய சமையலறை டப்பாக்களை நான் உயர வரிசையில் மாற்றி அடுக்குவதை நிறுத்தினேன். அவளுக்குப் போன் வந்தால் யாரு, யாரு என்று பக்கத்தில் போய் நிற்பதை நிறுத்தினேன். காய் நறுக்கும்போது துண்டுகள் ஒரே அளவில் இல்லை என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்துவிடும், அதையும் விழுங்கினேன். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சில நாள் கழித்து உன் அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள்.

ஒருவழியாகத் தூண் காய்ந்து, ஸ்பீக்கர் மேலே ஏறியது. பாட்டைப் போட்டேன். என்னத்தச் சொல்ல மாப்பிள்ளை, சத்தம் அப்படியே மாறிப்போச்சு, பெட்டிக்கே புது உயிர் வந்த மாதிரி. உன் அக்கா முக்காலியை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதில் ஒயர் இல்லை. இப்போது தினமும் வருகிறாள், கண்ணை மூடித் தலையாட்டித் தொடையில் தாளம் போடுகிறாள். தாளம்தான் பாட்டோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. பாவம், வயசாச்சு. முன்பென்றால் சொல்லிக் காட்டியிருப்பேன். இப்போது வாயைத் திறப்பதில்லை.

எல்லாம் உன் யோசனை. நீ கட்டும் மேடைகளெல்லாம் கூட்டத்தால் நிறையட்டும், உன் மைக் ஒருநாளும் கத்தாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நன்றி மறவாத அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். நீ சொன்ன பேஸ், பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ஒரு குமிழாம், திருகினால் அடிச்சத்தம் கூடுமாம். ட்ரபிளும் ட்ரபிள் இல்லையாம், ட்ரெபிளாம், கீச்சுச் சத்தமாம், அதற்கும் பக்கத்திலேயே ஒரு குமிழாம். அப்படியானால் தினமும் எதைக் கேட்டுத் தலையாட்டுகிறாய் என்றேன். முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குள் மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று, ஒயரே இல்லாதது, அவள் செல்போன் பாட்டு அதில் ஓடுகிறது, நீதான் வாங்கி அனுப்பினாயாமே, நன்றாக இரு. "பொட்டி இன்னும் தகர டப்பாதான். நீங்க தொணதொணக்காம உக்காந்திருக்கீங்க, அதான் பக்கத்துல வந்தேன்" என்றாள்.

குமிழ் இரண்டையும் நான் தொடவில்லை மாப்பிள்ளை. ட்ரபிளை மட்டும் குறைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.