கோவாவுக்கு முதுகு காட்டும் மொடல்காரர்

எல்கடுவ மலைக்கு மழையோடு ஏறி வரும் உயிரினங்கள் இரண்டு. ஒன்று அட்டை. மற்றது மொடல்காரர். அட்டையாவது ஆளைப் பார்த்துக் கடிக்கும்.

மொடல்காரரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டத்துக்கு வந்ததும் நிழல் தேடுவார், வெயில் தாங்காமல் அல்ல, லெப்டொப் திரை தெரிவதற்காக. மண்ணில் எவ்வளவு நைதரசன் கிடக்கிறது, அதில் வேர் இன்றைக்கு எவ்வளவு உறிஞ்சும், உறிஞ்சிய கோவா, அதுதான் முட்டைக்கோஸ், நாளைக்கு எத்தனை கிராம் கொழுக்கும் என்று கணினி மொடலில் கோடு கோடாக இழுப்பார். இழுத்ததைத் தானே ரசிப்பார். செடி? அது முதுகுப் பக்கம் நிற்கும்.

எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற சிவநந்தினி அக்காவின் கோவாப் பாத்திகளுக்கு வாய்த்தவர் கஜீபன் சேர். பாத்திகளை அவருடைய ஆராய்ச்சிக்குக் கொடுத்தாயிற்று; இனி அவர் சொன்னால்தான் உரம் போடலாம், அதுதான் நிபந்தனை. ஒரு வாரம் விடாமல் மழை. அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன.

"சேர், மண்ணுல கெடந்த உரமெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிருச்சுங்க. கொஞ்சம் யூரியா போடட்டுங்களா?"

"தேவையில்ல தங்கச்சி. மொடல்படி இந்த வாரம் மழையே இல்ல."

"அப்ப ஏன் சேர் கொடை புடிச்சிருக்கீங்க?"

அவர் போட்டு வைத்திருந்தது மாத்தளை டவுன் மழைக்கணக்கு. டவுனில் நல்ல வெயில்.

"இப்ப உரம் போட்டா டேட்டா கெட்டுரும்."

"போடாட்டி கோவா கெட்டுருமே! இத விட்டா எனக்கு வேற வெள்ளாம இல்லீங்க."

"ஸ்கிரீனப் பாருங்க, எவ்வளவு பச்சை!"

அக்கா பார்த்தாள். முகத்தைத் துடைத்தாள். "மழத்தண்ணி," என்றாள், யாரும் கேட்காமலே.

அன்று பின்னேரமே பாத்திகளில் கோழி எருக் கரைசல் விழுந்தது. யார் ஊற்றியது என்று கேட்காதீர்கள். என் கை இன்னும் நாறுகிறது.

மூன்று வாரத்தில் கோவா பச்சை பிடித்து உருண்டது. சேர் வந்தார். முதல்முறையாகத் திரும்பிச் செடியைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்ல? உரமே தேவைப்படல!"

கோவாவோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். அடுத்த போகம் இந்த மலையில் யாருக்கும் உரம் வேண்டாம் என்று அறிக்கை எழுதப் போகிறாராம். அக்கா என்னைப் பார்த்தாள். மலை முழுக்க உள்ள பாத்திக்கு நான் கோழிக்கு எங்கே போவேன்?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முந்தாநாள் பஸ் ஹோல்ட்டில் தலை சொட்டச் சொட்ட நின்றுகொண்டே, 'இன்றைக்கு மழை பெய்யுமா' என்று போனைத் திறந்து பார்த்தீர்களே. போன் 'இல்லை' என்றது. நீங்களும் தலையாட்டினீர்கள்.